பழைய டியூபாவுக்கு மவுத்பீஸ்: தேடி வாங்குவதா, லேத்தில் கடைவதா?

எங்கள் பேண்டு செட்டில் அடித்தொனிக்கு ஊதும் பெரிய பித்தளை வாத்தியமான ஈ ஃப்ளாட் டியூபா, சித்தப்பா வாங்கியது. பெல்லில், அதாவது சத்தம் வெளிவரும் அகன்ற வாயில், பூசி அண்ட் ஹாக்ஸ் முத்திரை இருக்கும். இரண்டு லண்டன் கம்பெனிகள் 1930-ல் சேர்ந்து உண்டான பெயர் அது, ஆகவே வாத்தியம் அதற்குப் பிந்தியது. வால்வுகள் இன்றைக்கும் வழுவழுவென்று இறங்கி ஏறுகின்றன. கெட்டுப்போனது உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸ்தான். விளிம்பில் வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது, நுனியும் நசுங்கிவிட்டது. மதுரை கீழவெளி வீதியில் மரியன்னை பேராலயத் தேர்பவனிக்கு மூன்று மணி நேரம் ஊதிவிட்டு வந்தால் மறுநாள் உதடு வீங்கிக் கிடக்கும்.

புதிதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். வாங்கிச் செருகினால் பாதியிலேயே நின்றது. பழைய பிரிட்டிஷ் டியூபா வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. டியூபா மவுத்பீஸின் தண்டு, ஷாங்க் என்கிறோமே, அது எல்லாவற்றிலும் ஒரே அளவு இல்லை. பழைய பிரிட்டிஷ் ஷாங்க் ஒல்லி. இன்று பரவலாகக் கிடைக்கும் அமெரிக்க ஷாங்க் அதைவிடத் தடிமன். ஜெர்மன் டியூபாக்களுக்கு வரும் ஐரோப்பிய ஷாங்க் இன்னும் தடிமன்.

எனக்கு முன்னால் இருந்த வழிகள் இவை: இதே காலத்துப் பழைய மவுத்பீஸைத் தேடி வாங்குவது, உத்தரப் பிரதேசத்து மீரட்டில் செய்யும் மவுத்பீஸ், அடாப்டர், டியூபாவில் மவுத்பீஸைச் செருகும் குழாயான ரிசீவரையே மாற்றுவது, புது மவுத்பீஸின் ஷாங்கை லேத்தில் கடைவது. நான் கடைசி வழியில் போனேன். இரண்டு வருஷமாக அதில்தான் ஊதுகிறேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

மீரட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே ஜாலி கோத்தி என்ற பகுதியில் பேண்டு வாத்தியம் செய்யும் பட்டறைகள் நிறைய, நம் ஊர் செட்டுகளில் பாதி வாத்தியம் அங்கிருந்து வந்ததுதான். விலை குறைவு, சீக்கிரம் கிடைக்கும். நான் தபாலில் வரவழைத்த இரண்டும் ஒரே மாடல், ஆனால் ஷாங்க் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நேரில் போய்ச் செருகிப் பார்த்து எடுக்க முடிந்தவர்களுக்கு நல்ல வழி.

அடாப்டர் என்பது ஒல்லி ஷாங்கின் மேல் மாட்டும் பித்தளை உறை. ரிசீவர் பெரிதாகவும் மவுத்பீஸ் சிறிதாகவும் இருந்தால்தான் அது உதவும். பழைய பிரிட்டிஷ் டியூபாவில் நிலைமை தலைகீழ். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிப் பணத்தை விட்டவர்கள் உண்டு.

ரிசீவரை மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பற்றவைப்பை உருக்கி எடுத்துப் பெரிய ரிசீவர் வைத்தால் புது மவுத்பீஸ் சரியாக உட்காரும், உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த குழாய் பழைய ஒல்லிக் குழாயாகவே இருக்கும், நடுவில் ஒரு படி விழும். பின்னால் விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். மவுத்பீஸ் வீணானால் இன்னொன்று வாங்கலாம். ரிசீவரைக் கழற்றியது கழற்றியதுதான்.

அதே காலத்து மவுத்பீஸ் கிடைத்தால் பொருத்தத்தில் குறையே இருக்காது. சத்தமும் அந்த வாத்தியத்துக்கென்றே பிறந்தது போல இருக்கும், இதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், தபால் கூலி மவுத்பீஸ் விலையையே தொட்டுவிடும். வருவதும் பெரும்பாலும் பூச்சு தேய்ந்ததாகத்தான் வரும். விளிம்பும் ஒல்லியாக இருப்பதால் நீண்ட ஊர்வலத்தில் உதட்டை அறுக்கும். டெனிஸ் விக் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டியூபா மவுத்பீஸ் மாடல்களில் எண்ணுக்குப் பின் எல் என்ற எழுத்து இல்லாதவை பழைய ஒல்லி ரிசீவருக்கானவை. உங்களுக்குப் பிடித்த அளவில் ஒன்று கையில் சிக்கினால் விடாதீர்கள், லேத் வேலையே தேவைப்படாது.

சரி, லேத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஷாங்க் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எப்படி உட்காருகிறது என்பதுதான். ஷாங்க் நுனியை நோக்கிச் சரிந்து ஒடுங்கும். சரிவு ஏறத்தாழ 20-க்கு 1, அதாவது 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். என் பழைய மவுத்பீஸில் நசுங்காத பக்கமாக வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: நுனி விட்டம் 12.6 மில்லிமீட்டர். புதியது 13.3. வித்தியாசம் 0.7 தானே என்று தோன்றும். 20-ஆல் பெருக்கினால் 14 மில்லிமீட்டர். பழையது ஓர் அங்குலம் உள்ளே போன இடத்தில் புதியது 11 மில்லிமீட்டர்தான் போனது. அவ்வளவு குறைவான பிடியில் டியூபாவைத் தோளில் மாட்டி நடந்தால் மவுத்பீஸ் ஆடும், ஆட ஆட ரிசீவரின் வாய் அகலும். ஐரோப்பிய ஷாங்க் என்றால் நுழையவே நுழையாது.

வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்லதுதான், பழைய பிரிட்டிஷ் வாத்தியத்தின் உயர் சுருதி இறங்கும் என்று எங்கள் செட்டிலேயே ஓர் அண்ணன் வாதாடினார். பிரிட்டிஷ் பேண்டுகள் 1960-களின் நடுப்பகுதி வரை ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் வைத்திருந்தது உண்மை. ஆனால் ஈ ஃப்ளாட் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 4 மீட்டர். இன்றைய வழக்கமான 440-க்கு இறக்க 11 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். 14 மில்லிமீட்டர் எந்த மூலைக்கு? சுருதியை டியூனிங் ஸ்லைடில்தான், அதாவது இழுத்து நீட்டும் குழாயில்தான், சரிசெய்ய வேண்டும்.

கடைவதற்கு கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போனேன். “எவ்வளவு எடுக்கணும் தம்பி?” என்றார் பட்டறைக்காரர். விட்டத்தில் 0.7 என்றேன், அதாவது பக்கத்துக்கு 0.35. பழைய மவுத்பீஸையும் டியூபாவையும் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. லேத்தின் பிடிப்பானான சக்கில் நேராகப் பிடித்தால் விளிம்பு நசுங்கும் என்று நைலான் கட்டையில் குழி கடைந்து அதற்குள் மவுத்பீஸின் கிண்ணப் பகுதியை உட்கார வைத்தார். லேத்தில் வெட்டுளியைத் தாங்கும் மேல் ஸ்லைடைச் சுமார் 1.4 டிகிரி திருப்பிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஷாங்கில் மார்க்கர் மை தடவி, ரிசீவரில் செருகி லேசாகத் திருகி எடுத்தால் மை எங்கே அழிகிறதோ அங்கேதான் தொடுகிறது. முதல் தடவை நுனியில் மட்டும் அழிந்தது, கோணம் தப்பு. திருத்தியபின் முழு நீளத்துக்கும் அழிந்தது. கூலி 300 ரூபாய்.

கடைந்த இடத்தில் வெள்ளிப் பூச்சு போய்விடும். உதடு படாத இடம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நம் ஊர் வியர்வைக்குப் பச்சைக் களிம்பு கட்டும், ஊதி முடித்ததும் கழற்றித் துணியால் துடைத்துவிட வேண்டும். ரிசீவரிலேயே விட்டுவைத்தால் இறுகிக்கொள்ளும். இறுகியதைச் சுத்தியலால் தட்டினால் ரிசீவர் போச்சு.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஷாங்க் நுனியில் சுவர் ஒல்லி. 0.7 வரைக்கும் என் அனுபவம் சொல்லும். ஐரோப்பிய ஷாங்கை இந்த அளவுக்குக் கடைந்தால் நுனி தகடாகிவிடும் என்று பட்டறைக்காரரே கையை விரித்தார். பெரிய பி ஃப்ளாட் டியூபாவில் நான் ஊதியது குறைவு, அதில் முதலில் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சித்தப்பாவின் மவுத்பீஸை எறியவில்லை. துணியில் சுற்றி டியூபாப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அடுத்த மவுத்பீஸ் கடைய வேண்டி வந்தால் அளவு எடுக்க அதுதான் வேண்டும்.