எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் வாங்கினேன், அது எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு

ரெண்டு மாசமா என் டெஸ்க்டாப் திடீர் திடீர்னு அணைஞ்சு போயிட்டு இருந்துச்சு. ப்ளூ ஸ்கிரீன் இல்ல, ஹேங் இல்ல, யாரோ பிளக்கை பிடுங்கின மாதிரி பொட்டுனு ஆஃப். ஒரு நாள் வீடியோ ரெண்டர் போட்ட பத்தாவது நிமிஷம் போகும், இன்னொரு நாள் சும்மா பிரவுசர் திறந்து வச்சிருக்கும்போதே போகும். ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் நடந்ததை எல்லாம் குறிச்சு வைக்கிற இடம்) பார்த்தா கெர்னல்-பவர் 41னு ஒரு எரர். கண்டுபிடிச்சாச்சுடானு நினைச்சேன், ஆனா அந்த 41 சொல்றது சிஸ்டம் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலைன்னு மட்டும்தான், அது எனக்கே தெரியுமே. பக்செக் கோட் (விண்டோஸ் கிராஷ் ஆனா பதிவாகிற எரர் நம்பர்) 0ன்னு இருந்ததால விண்டோஸ் கிராஷ் ஆன மாதிரி தெரியல, சூடா இல்ல பவரானு சந்தேகம் வந்துச்சு.

சூடு இல்ல. டெம்பரேச்சரை ஃபைல்ல லாக் பண்ண விட்டேன், அணையறதுக்கு முன்னாடி கடைசி வரில ப்ராசஸர் 68 டிகிரிதான். கேபினெட் பவர் பட்டன் ஒட்டிக்கிட்டாலும் நாலு செகண்ட்ல இப்படி ஆஃப் ஆகும்னு அந்த குட்டி வயரை போர்டுலேர்ந்து கழட்டியும் பார்த்தேன், அதுவும் இல்ல. மிச்சம் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற பவர் சப்ளை பெட்டி. அப்பதான் அதை செக் பண்ற இந்த டெஸ்டரை வாங்கினேன்.

உள்ளங்கை அளவு டப்பா, ஒரு எல்சிடி. எஸ்எம்பிஎஸ்லேர்ந்து மதர்போர்டுக்கு போற 24 பின் கனெக்டரை அழுத்தி சொருகி சுவிட்சை போட்டா காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு பீப், அப்புறம் நம்பர் எல்லாம் வரும். எனக்கு வந்தது 12.1, 5.0, 3.3 வோல்ட், பிஜி (கரண்ட் சரியா இருக்குன்னு எஸ்எம்பிஎஸ் சொல்ற ‘பவர் குட்’ சிக்னல் வர ஆகிற நேரம்) 280. 12 வோல்ட் லைன் 11.4லேர்ந்து 12.6 வரைக்கும் இருக்கலாம், பிஜி 100லேர்ந்து 500 மில்லிசெகண்டுக்குள்ள வரணும், ஆக எல்லாம் ஓகே. நானும் நம்பி எஸ்எம்பிஎஸ்ஸை விட்டுட்டு ராமை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டி, பயாஸ் அப்டேட் பண்ணி, கடைசில மதர்போர்டு மேல பழியைப் போட்டு மூணு வாரம் ஓட்டினேன்.

விஷயம் என்னன்னா இந்த டெஸ்டர் எஸ்எம்பிஎஸ்க்கு குடுக்கிற லோடு ரொம்ப ரொம்ப கம்மி. வண்டிய ஸ்டாண்ட்ல போட்டு ஆக்சிலரேட்டர் முறுக்கிட்டு இன்ஜின் சூப்பர்னு சொல்ற கதைதான், ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போதுதானே திணறுதானு தெரியும்.

கடைசில பிடிச்சுக் குடுத்தது பழைய மல்டிமீட்டர். சிஸ்டம் ஓடும்போதே ஒரு சும்மா கிடந்த மோலெக்ஸ் கனெக்டர்ல கருப்புக்கும் மஞ்சளுக்கும் ப்ரோபை வச்சு (ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிடாம, கை நடுங்கிச்சு உண்மையா) ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு ரெண்டுக்கும் ஒரே நேரத்துல ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டேன். 12.0, 11.7, 11.5, 11.3, டப். அதுக்கப்புறம் பவர் பட்டனை அமுக்கினா வரல, பின்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு போட்டாதான் வந்துச்சு. எஸ்எம்பிஎஸ் தன்னோட ப்ரொடெக்ஷன்ல பூட்டிக்கிட்டா இப்படித்தான் பண்ணும், இதை முதல் வாரமே கவனிச்சிருக்கணும், எங்க கவனிச்சேன். ஃப்ரெண்ட்கிட்ட ஒரு எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டினேன், ஒரு தடவை கூட அணையல. மல்டிமீட்டரையும் முழுசா நம்பிடாதீங்க, கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடிக்கும் கம்மியா இழுக்கிற திடீர் இழுப்பு எல்லாம் அதுல தெரியாது, சந்தேகம்னா வேற ஒண்ணு மாட்டிப் பார்க்கறதுதான் வழி. பழசைத் திறந்து கெப்பாசிட்டர் உப்பியிருக்கானு பார்க்கற வேலையும் வேணாம், பிளக்கை பிடுங்கினப்புறமும் உள்ள சார்ஜ் நிக்கும்.

டெஸ்டருக்கு முதல்ல அஞ்சுக்கு ஒண்ணரைதான் போடலாம்னு இருந்தேன். போன வாரம் அதே ஃப்ரெண்டோட இன்னொரு சிஸ்டம் உயிரே இல்லாம கிடந்துச்சு, டெஸ்டரை சொருகினேன், பீப் அடிக்கல, 12 வோல்ட் இடத்துல எல்எல்னு (வோல்டேஜ் ரொம்ப கம்மின்னு அர்த்தம்) வந்துச்சு, பத்தே செகண்ட். சுத்தமா செத்துப்போனதை சொல்றதுக்கு நல்லாதான் இருக்கு, அதனால ரெண்டரை. ஆனா அந்த பீப்பை குறைக்க ஒரு வழி வச்சிருக்கலாம்.