லூஸ்ல விக்கிற ப்ளீச்சிங் லிக்விட் தயவுசெஞ்சு வாங்காதீங்க

டிவிஎஸ் வண்டில கேன் கட்டிட்டு பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் லிக்விட்னு தெருத்தெருவா கூவி விப்பாங்கல்ல, அப்படி ஒருத்தர்கிட்ட அம்மா ஒரு பாட்டில் வாங்குனாங்க. பழைய வாட்டர் பாட்டில், லேபிளும் இல்ல பில்லும் இல்ல. "கடைல விக்கிற அதே சரக்குதாம்மா, கைல பட்டாகூட ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி தன் கையிலயே கொஞ்சம் ஊத்திக் காமிச்சிருக்கார்.

ஏமாத்து வேலையே அதுலதான் இருக்கு. ப்ளீச் பட்ட உடனே எரியாது, வழவழன்னுதான் இருக்கும். அது காரம், அதாவது ஆசிட்டுக்கு நேர் எதிரான கெமிக்கல், நம்ம தோல்ல இருக்க கொழுப்பையே சோப்பா மாத்துது, அதான் அந்த வழவழப்பு. டைல்ஸ் தேய்ச்ச அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் செவந்து வெடிச்சுப்போச்சு.

பெரிய கொடுமை அதுக்கப்புறம்தான். ப்ளீச் இருக்க இருக்க கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு ஆக்ஸிஜன் கேஸை வெளிய விடும், வெயில் பட்டா இன்னும் வேகமா. அதனாலதான் கம்பெனி பாட்டில் வெளிச்சம் போகாத மாதிரி இருக்கும். இது ஜன்னலோரம் உப்பிப்போய் இருந்திருக்கு, மூடியத் திருகுனதும் பீச்சியடிச்சு நேரா கண்ணுல.

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் ரோஸ் வாட்டர் எடுத்துட்டு ஓடி வந்தாங்க, தம்பி வேணாம்னு சொல்லிட்டு அம்மாவ குழாய்க்கடில உக்கார வெச்சு இமைய விரிச்சுப் புடிச்சு 20 நிமிஷம் விடாம தண்ணி விட்டான், கண்ணு தப்பிச்சது அதனாலதான்னு டாக்டரே சொன்னார். விளக்கெண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சை எதுவும் வேணாம், ஓடுற தண்ணி மட்டும்தான், லென்ஸ் போட்டிருந்தா கழட்டிடணும், கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. காரம் கண்ணுக்குள்ள எறங்கிட்டே போகுமாம், அங்கயும் இமைக்குள்ள காரம் இன்னும் இருக்கான்னு காட்டுற ஒரு பேப்பர வெச்சுப் பாத்து பாத்து சலைன்ல திரும்பக் கழுவுனாங்க.

"எத்தன பர்சென்ட்?"னு டாக்டர் கேட்டப்ப எங்ககிட்ட பதிலே இல்ல. வீட்டு ப்ளீச்சோட வீரியம் பொதுவா 3லேர்ந்து 6 பர்சென்ட், ஃபேக்டரிக்குப் போறது 10, 12 வரைக்கும் இருக்கும். இந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

இதுல ஆசிட்டையும் சேத்து ஊத்துனா கறை சுத்தமா போயிடும்னு வேற அந்த ஆள் சொல்லிட்டுப் போயிருக்கார். டாய்லெட் ஆசிட்டும் ப்ளீச்சும் கலந்தா வர்றது குளோரின் கேஸ்ங்க, கதவு மூடுன பாத்ரூம்ல அதை சுவாசிச்சா உயிருக்கே ஆபத்து. அம்மா நல்லவேளை கலக்கல.

அவர் குடுத்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம்னு பாத்தா பேரு, கடை, பில் எதுவுமே கையில இல்ல. உங்க தெருவுக்கு இந்த மாதிரி வண்டி வந்தா வீட்ல இருக்க பெரியவங்ககிட்ட இன்னைக்கே சொல்லி வைங்க.