பூ இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்: உதகை தாவரவியல் பூங்காவில் ஒன்பது ஆண்டுகள்

போன வாரம் கோவையிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். அம்மா ஊட்டி பொட்டானிக்கல் கார்டனைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "நீங்கள்தான் அடிக்கடி போகிறீர்களே, எப்போது போனால் பூ இருக்கும்?" என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ‘பூ இருக்குமா’ என்ற அந்தக் கேள்வி எனக்குள் கிடந்த பழைய கோபத்தைக் கிளறிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். யோசித்ததுதான் இது.

அக்கா உதகையில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு காலைப்பொழுது எனக்குப் பூங்காவில்தான். ஆண்டுக்கு ஏழெட்டு முறையாவது போய்விடுவேன். நான் அங்கே போகாத மாதம் என்று ஒன்று இல்லை. பூங்காவின் அளவு, கண்ணாடி மாளிகை, இத்தாலியன் பூங்கா, 2 கோடி ஆண்டு பழைய கல்மரம் இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ரோஜாப் பூங்கா வேறு, இது வேறு. அங்கே போய்விட்டு வந்து, தாவரவியல் பூங்காவில் ரோஜாவைத் தவிர ஒன்றும் இல்லை என்று என்னிடமே குறைப்பட்டவர்கள் உண்டு.

என் கோபம் என்ன என்பதை ஒரு ஜனவரிக் காலையை வைத்துச் சொல்கிறேன். நுழைவாயில் திறந்தவுடன் உள்ளே போய்விட்டேன். உதகைக்குக் கிழக்கே தொட்டபெட்டா நிற்பதால், அதன் சரிவில் இருக்கும் பூங்காவுக்குள் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். கீழ்ப்புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாகப் பனி. விரலால் தொட்டேன், தண்ணீராகிச் சொட்டியது. அந்த இடத்தில் மட்டும் புல் தன் பச்சையைக் காட்டியது. நூறடி மேலே, மரங்களுக்கு அடியில் பனியின் சுவடே இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவோடு வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். மரக்கிளைகள் கூரைபோல் நிற்கும் இடத்தில் தரையின் சூடும் அவ்வளவு எளிதில் வானத்துக்குப் போய்விடாது. அதனால்தான் வானம் தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளிக்கு மட்டும் இந்தத் தண்டனை.

தண்ணீர்த் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் எதற்குத் தண்ணீர் என்று முதல் ஆண்டு எனக்கும் புரியவில்லை. பாத்தியோரம் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாதான் சொன்னார்: "வெயில் வந்து விழுவதற்குள் பனியைக் கழுவிவிட வேண்டும் கண்ணு. இல்லாவிட்டால் இலை கருகிவிடும்." கம்பளித் துணியைத் தலையில் சுற்றியிருந்தார். கையுறை இல்லை. நாற்றுப் பாத்திகளின் மேல் இரவில் கூண்டுபோல் செருகியிருந்த மிலார் என்ற செடியின் கிளைகளை ஒவ்வொன்றாக உருவி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத நாற்றுகள். மாலையில் அதே கிளைகளைத் திரும்பவும் செருக வேண்டும். பனிக்காலம் முடியும்வரை தினமும் இதே வேலைதான்.

அப்போது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. புல்வெளியைப் பார்த்தார்கள், மலர் மாடத்தைப் பார்த்தார்கள், காலியாக இருந்தது. "இதற்கா டிக்கெட் வாங்கினோம், ஒரு பூ இல்லையே" என்று ஒருவர் உரக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அந்த அம்மா நிமிரக்கூட இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அவர்கள் கேட்ட பூ அங்கேதான் இருந்தது. அவர்கள் காலுக்கு ஐந்தடி தள்ளி, மிலார்க் கிளைக்குள் பனியிலிருந்து ஒளிந்துகொண்டு. அந்த நாற்றுதான் தொட்டிக்கும் பாத்திக்கும் போய், கோடையில் இதே ஆட்கள் படம் எடுத்துக்கொள்ளும் பூவாக நிற்கப்போகிறது. ஒன்பது ஆண்டுகளில் இந்தக் காட்சியைக் குறைந்தது இருபது முறை பார்த்திருப்பேன். ஆட்கள் மாறுவார்கள், சொல் மாறாது: ஒன்றும் இல்லை.

இந்தப் பூங்காவின் தொடக்கமே பூ இல்லை என்பதை அவர்களிடம் சொல்லத் தோன்றும். 1847-இல் இங்கிருந்த ஐரோப்பியர்கள் சந்தா போட்டுக் காய்கறி விளைவிக்க ஏற்படுத்திய தோட்டம் இது. மறு ஆண்டு, லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்த பிறகுதான் சரிவும் சதுப்புமாகக் கிடந்த இடம் பூங்காவாக உருவெடுக்கத் தொடங்கியது. அதற்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. மலர் கண்காட்சியெல்லாம் பிறகு வந்தது. மண்ணோடு மல்லுக்கட்டியதுதான் முதல் கதை. அந்தக் கதை இன்றும் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் போக வேண்டும்.

பிப்ரவரியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புல்வெளி பழுப்பேறிக் கிடக்கும், தொட்டிகளுக்கு மண் நிரப்புவார்கள். அந்த மாதம் போகிறவர்கள் பூங்காவோடு நின்றுவிடாமல் தொட்டபெட்டா பக்கம் போய்க் காட்டுப் பூவரசை, அதாவது ரோடோடென்ட்ரானை, பார்த்துவிட்டு வரலாம். சோலை ஓரத்தில் ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். மார்ச் பிறந்ததும் மலைப்பாதையில் பஸ் ஜன்னலிலேயே ஜகரண்டா நீலமாகத் தெரியத் தொடங்கும். பூங்காவுக்குள் நுழையும்முன்பே பாதிக் கண் நிறைந்துவிடும்.

எனக்குக் கிடைத்த எதிர்பாராத மகிழ்ச்சி ஜூலை மாதம்தான். தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது யாரும் பூங்காவுக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். அக்காவும் சொல்லவில்லை, தடுத்தார். குடையோடு போனேன். மே மாதத்துப் பாத்திகள் எல்லாம் மழையில் நொந்து சாய்ந்திருந்தன. பெட்டூனியா இதழ்கள் ஈரத் தாள்போல் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நனைந்த உலகத்தில் ஹைட்ராஞ்சியா மட்டும் நிமிர்ந்து நின்றது. ஒரு குழந்தையின் தலையளவுக்கு நீலப் பந்துகள்.

ஒரு பந்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அதில் உள்ள ஒவ்வொரு சிறு பூவிலும் நான்கு ‘இதழ்’. ஆனால் அவை அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். மற்றப் பூக்களில் மொட்டைப் பொதிந்து காத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கிவிடும் பச்சை உறை, இங்கே தானே நிறம் பூசிக்கொண்டு முன்னால் நிற்கிறது. நிஜமான பூ நடுவில் குண்டூசித் தலையளவுக்குக் கிடக்கிறது. அதனால்தான் மழைக்கு அஞ்சுவதில்லை, சட்டென்று உதிர்வதும் இல்லை. நீலம் வெளுத்துப் பச்சையாகி, பச்சை பழுத்துச் செம்மை கலந்து, வாரக்கணக்கில் செடியிலேயே இருக்கிறது. ஆகஸ்டில் போய் அதே செடியைப் பார்த்தேன். ஒரே பந்தில் மூன்று நிறங்கள்.

அந்த நீலமும் மண் கொடுத்ததுதான். நீலகிரி மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். அதே செடியைக் காரத்தன்மை உள்ள மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மலையின் மண்ணையே பார்ப்பதுபோல் இருக்கிறது. மழை குடையில் கொட்டிக்கொண்டிருந்தது. பாதையில் வேறு யாரும் இல்லை. அன்று இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர், அக்டோபரை இரண்டாம் சீசன் என்பார்கள். மழை நாட்களிலேயே நாற்று நட்டு, தொட்டிகளைத் தயார் செய்து மாடத்தில் அடுக்கிவிடுவார்கள். பூவும் இருக்கும், கூட்டமும் அளவாக இருக்கும், புல்வெளி நல்ல பச்சையில் இருக்கும். குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல பருவம்.

இனி மே மாதம். 1896-இல் தொடங்கிய மலர் கண்காட்சி, 2025-இல் 127-ஆவது முறையாக நடந்தது. மாடங்களில் ஆயிரக்கணக்கான தொட்டிகள் படிப்படியாக ஏறி நிற்கும். டேலியா, பேன்சி, சால்வியா, பிகோனியா, சைக்ளமன் என்று சமவெளிக்காரர்கள் வீட்டில் எளிதில் வளர்க்க முடியாத பூக்களெல்லாம் ஒரே இடத்தில். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுத்துத்தான் வெளியூர் வண்டிகள் மலையேற வேண்டும். அப்படியும் கண்காட்சி நாட்களில் தோளோடு தோள் உரசித்தான் நகர வேண்டும்.

கூட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது, பூவுக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களைத்தான். மாடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த தொட்டிக்கு நகர்வார்கள், மறுபடியும் முதுகு. தங்களுக்குப் பின்னால் இருந்த பூ எது என்று கேட்டால் நிறம்கூடச் சொல்லத் தெரியாது. ஒரு முறை ஒரு சிறுமி பேன்சிப் பாத்தியின் ஓரம் உட்கார்ந்து, அந்தப் பூ தன்னைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மைதான், பேன்சியின் நடுவில் கருமையும் மஞ்சளுமாகக் கண்ணும் வாயும் வைத்தாற்போல் இருக்கும். அவள் அப்பா வந்தார். படக்கென்று அதைக் கிள்ளி அவள் கையில் கொடுத்து, "வா, நேரமாகிறது" என்றார். அவள் அழுதாள். பூ வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. ஜனவரியில் வெறுங்கையால் மிலார்க் கிளை உருவிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த மனிதரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அன்றைக்கு மாலையே, இனி மே மாதத்தில் இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மாடத்தின் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டி டேலியாத் தொட்டி ஒன்றின் முன்னால் நின்றிருந்தார். கசங்கிய பருத்திப் புடவை, காலில் புது கேன்வாஸ் ஷூ. பேரப்பிள்ளைகள் போட்டுவிட்டிருக்க வேண்டும். தன் வலது கையை நன்றாக விரித்து, பூவைத் தொடாமல், அதன் பக்கத்தில் நீட்டி அளந்து பார்த்தார். பூ கையைவிடப் பெரிதாக இருந்தது. கையைத் திருப்பிப் புறங்கையையும் வைத்துப் பார்த்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது, அவர் நகரவில்லை. பக்கத்திலிருந்த என்னிடம், "இது நிஜப் பூதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நிஜப் பூதான்" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டார்.

அவரிடம் போய் டிசம்பரில் வாருங்கள் பாட்டி, நாற்றைப் பாருங்கள் என்று நான் சொல்ல முடியுமா? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்கும் மாதத்தில்தான் பலருக்கு மலையேற வாய்க்கிறது. அதுவும் சிலருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான். ஒன்பது ஆண்டுகளாக ஓய்ந்த நேரமெல்லாம் போய்வரும் எனக்கு மழையும் பனியும் பழுப்புப் புல்லும் அழகாகத் தெரிவதில் வியப்பில்லை. எனக்கு அக்கா வீடு இருக்கிறது. அந்தப் பாட்டிக்கு அன்று ஒரு மாலை மட்டும்தான் இருந்தது.

இவ்வளவும் யோசித்துவிட்டு நேற்று நண்பரைத் திரும்ப அழைத்தேன். ஜூலை என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன். செப்டம்பர் என்றாவது சொல்லியிருக்கலாம். "அம்மாவுக்கு எப்போது வசதி?" என்று கேட்டேன். அண்ணன் பிள்ளைகள் மே மாதம் ஊரிலிருந்து வருகிறார்கள், அப்போது என்றால் எல்லோருமாகச் சேர்ந்து போகலாம் என்று ஆசைப்படுகிறார் என்றார்.

மே மாதமே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு வேண்டாம். இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம் மாடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். மாலையில் கோடை மழை பிடித்துக்கொள்ளும், குடையும் ஸ்வெட்டரும் மறக்க வேண்டாம். அம்மாவுக்கு மூட்டு வலி என்றார். அப்படியானால் கீழ்ப்பூங்காவோடு நிறுத்திக்கொள்ளலாம், மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வரை ஏறுவது செங்குத்து என்றேன். "நீங்களும் எங்களோடு வருகிறீர்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். பிள்ளைகளுக்குப் பேன்சியை நான்தான் காட்டுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.