டியூன் போட்டவங்களே பாடுனா எப்படி இருக்கும்: கேரோல் கிங்கோட ‘டேப்ஸ்ட்ரி’

மொதல்லயே சொல்லிடறேன், இது புது ஆல்பம் கெடையாது. 1971 பிப்ரவரில வந்தது. ஆனா பியானோவும் ஒரு கொரலும் முன்னாடி நிக்கிற மாதிரி பாப் பாட்டு எதாச்சும் இருந்தா சொல்லுப்பான்னு யாரு கேட்டாலும் நான் இதத்தான் சொல்றேன். இப்ப வீட்லயே உக்காந்து தானே எழுதி தானே வாசிச்சு தானே பாடி ரிலீஸ் பண்றாங்கல்ல, அந்த இண்டிபெண்டண்ட் ஆல்பம் எதாவது கேட்டு பிடிச்சிருந்தா, அதுக்கெல்லாம் பெரியக்கா இது. அதனால லேட்டானாலும் ஒரு ரிவ்யூ.

கேரோல் கிங் நியூயார்க் பொண்ணு, 1942ல பொறந்தவங்க. பதினேழு வயசுல ஜெர்ரி கோஃபின்ங்கறவர கல்யாணம் பண்ணிக்கிட்டு, இவங்க டியூன் அவரு வரின்னு ரெண்டு பேரும் ஜோடியா மத்தவங்களுக்கு பாட்டு எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க. ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ன்னு ஷிரெல்ஸ் குரூப் பாடி அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சே, அது போடும்போது இவங்களுக்கு பதினெட்டு வயசு. அவரு அப்ப கெமிஸ்ட்டா வேலைக்கு போயிட்டு இருந்தவரு. இன்னொரு கூத்து என்னன்னா, இவங்க வீட்ல கொழந்தைய பாத்துக்க வந்த பொண்ணு லிட்டில் ஈவாவ பாட வெச்சாங்க, ‘தி லோகோ மோஷன்’, 1962ல அதுவும் நம்பர் ஒன்! இப்படி அறுபதுகள் பூரா ஹிட்டு மேல ஹிட்டு, ஆனா பாடுறது எல்லாம் வேற ஆளு. அப்புறம் டைவர்ஸ் ஆகி ரெண்டு பொண்ணுங்களோட கலிபோர்னியா பக்கம் போயி, அங்க தானே பாட ஆரம்பிச்சு, 1971 ஜனவரில ரெக்கார்ட் பண்ணதுதான் இது. ப்ரொட்யூஸ் பண்ணது லூ ஆட்லர். 12 பாட்டு, மொத்தம் 44 நிமிஷம் சொச்சம். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டுனதும் போட்டு விட்டீங்கன்னா சூளகிரி ட்ராஃபிக்க பொறுத்து ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒரு ரவுண்டு முடிஞ்சிரும், எனக்கு கம்பெனி பஸ்ல அப்படித்தான் போகுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். இவங்க கொரல் பெரிய கொரல் இல்ல. மேல போகும்போது லேசா கரகரங்குது, சில எடத்துல இழுத்துப் பிடிக்கறது தெரியுது. நம்ம ஊர்ல இளையராஜா தானே பாடுன பாட்டுக்குன்னு ஒரு தனிக்கூட்டம் இருக்குல்ல, எஸ்பிபி பாடிருந்தா இன்னும் நல்லாருக்கும்னு ஒருத்தன் சொல்ல, போடா அந்த டியூன் பொறந்த கொரல்டா இதுன்னு இன்னொருத்தன் சண்டைக்கு போவான். நான் ரெண்டாவது கட்சி. டியூன் போட்ட ஆளு பாடும்போது எந்த வார்த்தைல நிக்கணும் எத சும்மா தாண்டிப் போகணும்னு அவங்களுக்கு யோசிக்கவே வேண்டியதில்ல, கையும் வாயும் ஒண்ணா போகுது. அந்த ஆளே பியானோவும் வாசிக்கும்போது பாடுறவங்க மூச்சு எடுக்கற எடத்துல கரெக்டா பியானோ பேச ஆரம்பிக்குது, பேசி முடிக்கறதுக்கும் கொரல் வர்றதுக்கும் சரியா இருக்கு. இந்த ஆல்பத்தோட மொத்த வித்தையே அதுதான்னு நான் சொல்வேன்.

மொத பாட்டு ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’, ஆரம்பமே இடது கைல குத்து. பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பியானோ டிரம்ஸ் வேலையும் சேத்து பாக்குது. எங்க தெருவுல சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு போட்டுக் காட்டுனேன். ஒரே நிமிஷம் கேட்டுட்டு "தம்பி, சி மைனர்ல தான போகுது, இரு"ன்னு கீபோர்ட ஆன் பண்ணி வாசிச்சாங்க, நோட்டு எல்லாம் கரெக்ட்டு, ஆனா அந்த வெயிட்டு வரல, அழுத்தி அடிச்சா கட்டையில டக்கு டக்குனு பிளாஸ்டிக் சத்தம்தான் மேல கேக்குது. "இது சுத்தியல் போயி கம்பிய அடிக்கற சத்தம்டா, நம்ம பொட்டில எங்கருந்து வரும்"னாங்க. நெசந்தான், நெஜ பியானோ ரெக்கார்டிங்னா என்னன்னு புரியணும்னா இந்த ஒரு பாட்டு போதும். ஒரே ஒரு ரெக்வஸ்ட், ஃபோன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, இடது கை மொத்தமும் காணாம போயிரும், இருக்கறதுலயே சுமாரான இயர்ஃபோனா இருந்தாலும் பரவால்ல மாட்டிக்கங்க.

ரெண்டாவது ‘சோ ஃபார் அவே’. தூரமா போயிட்டவங்கள நெனச்சு பாடுறது, ஜேம்ஸ் டெய்லர் கிட்டார், கடைசில ஒரு புல்லாங்குழல். நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் பெங்களூர்ல கெடக்காங்க, சனிக்கெழம நைட்டு வந்து ஞாயித்துக்கெழம சாயந்திரம் திரும்ப பஸ் ஏறிடறாங்க, அதனால இந்த பாட்டுக்கு இங்க யாருக்கும் வெளக்கவுரை தேவப்படாது. இங்கிலீஷ் பாட்டுன்னா வரி புரியாதேன்னு பயப்படறவங்களுக்கும் சேத்து சொல்றேன், இவங்க வரி எல்லாம் பிளஸ் டூ இங்கிலீஷ்க்கு மேல போகாது, வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா வந்து விழும்.

‘இட்ஸ் டூ லேட்’ வரிகள் டோனி ஸ்டெர்ன்ங்கறவங்க எழுதுனது. பிரியப்போறாங்க, ஆனா அழுகை இல்ல, யாரையும் திட்டல, சரி முடிஞ்சு போச்சுன்னு ஒரு பொம்பள நிதானமா ஒத்துக்கறா, அவ்வளவுதான் பாட்டு. நம்மாளுங்க பிரிவுன்னா ஷெனாய் இல்லாம நகர மாட்டோம். இங்க நடுவுல பாட்ட நிறுத்திட்டு கிட்டாரும் சாக்ஸபோனும் மாத்தி மாத்தி சாவகாசமா போகுது, அது கேக்கும்போது இன்னும் கஷ்டமா இருக்கு. கிராமி விருதுல ரெக்கார்ட் ஆஃப் தி இயர் வாங்குன பாட்டு இது. அதே வருஷம் ஆல்பம் ஆஃப் தி இயரும் இவங்களுக்குத்தான், ‘யூ ஹேவ் காட் எ ஃப்ரெண்ட்’டுக்கு சாங் ஆஃப் தி இயரும், சிறந்த பாப் பாடகி அவார்டும். பெரிய கொரல் இல்லாத ஆளுன்னு மேல சொன்னேன் பாருங்க! ஆல்பம் 15 வாரம் அமெரிக்காவுல மொத எடத்துல நின்னுச்சு.

ஆனா என்னய கேட்டா ஆல்பத்தோட உச்சம் பழைய பாட்டு ரெண்டுதான். அந்த ஷிரெல்ஸ் பாட்டையே இங்க மறுபடி எடுத்து வேகத்த பாதியா கொறச்ச மாதிரி பாடிருக்காங்க, பின்னாடி ஜோனி மிட்சலும் ஜேம்ஸ் டெய்லரும் கொரல் குடுக்கறாங்க. நாளைக்கும் என்ன நேசிப்பியாங்கறதுதான் கேள்வி. ஷிரெல்ஸ் பாடும்போது அது ஒரு சின்னப்பொண்ணு கேக்கற கேள்வி, துள்ளலா போயிரும். இங்க பாடுறவங்களுக்கு இருபத்தெட்டு வயசு, அந்த வரிய எழுதுன புருஷனே இப்ப கூட இல்ல. ஒரு வார்த்தை மாத்தல, பாட்டே வேற ஆயிடுச்சு. இன்னொண்ணு கடைசில வர ‘நேச்சுரல் வுமன்’. இவங்க டியூன்ல 1967ல அரீத்தா ஃபிராங்க்ளின் பாடுனத கேட்டவங்களுக்கு இத கேக்கவே கொஞ்சம் தைரியம் வேணும், அது அப்படியாப்பட்ட கொரல். இவங்க போட்டியே போடல, பியானோ, ஒரு பேஸ், தன் கொரல், முடிஞ்சுது. 2015ல கென்னடி சென்டர் விழால இவங்கள கௌரவிக்க அரீத்தாவே வந்து பியானோல உக்காந்து இத பாடுனாங்க, மேல பால்கனில இவங்க தலைய பிடிச்சுக்கிட்டு சின்னப்புள்ள மாதிரி குதிக்கற வீடியோ இருக்கு, தேடிப் பாருங்க.

கொறையும் இருக்கு. ‘ஸ்மேக்வாட்டர் ஜேக்’னு துப்பாக்கி தூக்கற ஒருத்தன் கதை பாட்டு, எதுக்கு இந்த ஆல்பத்துல இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல, மத்ததெல்லாம் வீட்டுக்குள்ள ஜன்னலோரம் நடக்குது, இது மட்டும் கௌபாய் படம். ‘வேர் யூ லீட்’ டியூன் ஜாலியா இருக்கும், ஆனா நீ எங்க போனாலும் பின்னாடியே வரேன்ங்கற பல்லவி கொஞ்சம் நெருடும். அது அவங்களுக்கே நெருடி பாடுறத நிறுத்தி வெச்சிருந்து, பின்னாடி 2000ல ஒரு டிவி சீரியலுக்கு வரிய மாத்தி தன் பொண்ணு லூயிஸ் கூட சேந்து பாடுனாங்க, அந்த வெர்ஷன் அம்மா பொண்ணு பாட்டா மாறி அழகாவே இருக்கு. ‘ஹோம் அகெய்ன்’ நல்ல பாட்டுதான், ‘சோ ஃபார் அவே’ பக்கத்துல வந்ததால அடிபட்டுப் போகுது.

அட்டைப்படத்தயும் ஒரு தடவ பெருசு பண்ணி பாருங்க. மேக்கப் இல்ல, ஜீன்ஸ், வெறுங்காலு, ஜன்னல் திண்டுல உக்காந்திருக்காங்க, கைல அவங்களே பின்னுன துணி, முன்னாடி அவங்க வீட்டுப் பூனை, பேரு டெலிமாக்கஸ். பாட்டும் கிட்டத்தட்ட இதே டிரெஸ்லதான் இருக்கும்.

மார்க்கு கேட்டீங்கன்னா அஞ்சுக்கு நாலரை, அரை மார்க்கு அந்த கௌபாய்க்கு கழிச்சது. கடைசியா ஒரு எச்சரிக்கை, ஆப்புல தேடும்போது பன்னெண்டு பாட்டு இருக்கறத எடுங்க. 1999ல ரெண்டு பாட்டு சேத்து ரீமாஸ்டர் பண்ணி ஒண்ணு விட்டாங்க, அதுல ‘நேச்சுரல் வுமன்’ முடிஞ்ச கையோட இன்னொரு பாட்டு ஓடி, அப்புறம் எனக்கு ஆகாத அதே ‘ஸ்மேக்வாட்டர் ஜேக்’ லைவ்ல இன்னொரு வாட்டி வரும்.