சுமையேற்றிய சைக்கிளுக்கு எந்த டிரெய்லியர்: ஒன்பது வேகமா, பன்னிரண்டா?

கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவியே டிரெய்லியர்; பின்னே எத்தனை பல்சக்கரங்களோ அத்தனை ‘வேகம்’. மணாலியிலிருந்து லே வரை செல்லும் மலைச்சாலையை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். கட்டா லூப்ஸ் எனப்படும் 21 கொண்டை ஊசித் திருப்பங்கள், 5,300 மீட்டருக்கு மேல் அமைந்த தங்லங் லா கணவாய், ஓடை குறுக்கிடும் சரளைப் பகுதிகள் ஆகிய மூன்றையும் பின்பைகளின் சுமையோடு கடக்க வேண்டிய ஒருவர், கடையில் வழுக்கிக்கொண்டு மாறும் கியரை விட, வழியில் பழுதானால் சரிசெய்யக்கூடிய கியரையே முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் போட்டியாளர், ஷிமானோ நிறுவனத்தின் அலிவியோ எம்3100 என்னும் ஒன்பது வேக டிரெய்லியர். முன்னே 22, 30, 40 பற்கள் கொண்ட மூன்று பல்சக்கரங்கள், பின்னே 11 முதல் 36 பற்கள் வரையிலான கேசட் (பல்சக்கர அடுக்கு) என்று இதனோடு பொருத்தலாம். இரண்டாவது, 2020இல் வந்த அதே நிறுவனத்தின் டியோர் எம்6100. முன்னே ஒரே பல்சக்கரம், பின்னே 10 முதல் 51 பற்கள் வரை பன்னிரண்டு பல்சக்கரங்கள்.

ஏற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம். 700சி என்னும் அளவுச் சக்கரத்தில் 40 மி.மீ. டயர் போட்டு, நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால், அலிவியோவின் மிகத் தாழ்ந்த கியரில் மணிக்குச் சுமார் 4.8 கி.மீ. போகலாம், 30 பல் முன்சக்கரம் மாட்டிய டியோரில் சுமார் 4.6 கி.மீ. போகலாம். வேறுபாடு மறுமுனையில்தான் தெரிகிறது. மிக உயர்ந்த கியரில் நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் அலிவியோவில் மணிக்கு 38 கி.மீ. வேகமும் டியோரில் 31 கி.மீ. வேகமும் கிடைக்கும். சுமையோடு இறங்கும்போது யாரும் மிதிப்பதில்லை என்பதால், சமவெளியில் பின்காற்று வாய்க்கும் நாள்களில் மட்டுமே இது ஒரு குறையாகும்.

பழுது என்று வரும்போதுதான் தராசு ஒரு பக்கம் சாய்கிறது. சுமையேற்றிய சைக்கிள் வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தால், டிரெய்லியரைத் தாங்கும் அலுமினிய ஹேங்கர் சற்றே உள்நோக்கி வளையும். பன்னிரண்டு வேகத்தில் பல்சக்கரங்கள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவே கியரைத் தாவ வைக்கப் போதும். ஒன்பது வேகத்தில் இடைவெளி 4.35 மி.மீ.; சிறு வளைவை அது பொறுத்துக்கொள்ளும். ஹேண்டில் முனையில் பொருத்தும், படியில்லாமல் உராய்வால் நிற்கும் ஷிஃப்டர் (கியர் மாற்றும் நெம்புகோல்) இருந்தால், வளைந்த ஹேங்கரோடும் கைப்பதத்தில் கியரைத் தேடிப் பிடித்து ஊர் போய்ச் சேரலாம். மேலும், ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது வேக மலைச் சைக்கிள் டிரெய்லியர்களுக்குக் கேபிள் இழுக்கும் அளவு ஒன்றே. ஆகவே உடைந்ததற்கு மாற்றாகச் சிறு நகரக் கடையில் கிடைக்கும் மலிவான டிரெய்லியரையும் மாட்ட முடியும். டியோர் பன்னிரண்டு வேகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கரடுமுரடான ஒற்றையடிப் பாதை என்றால் என் தேர்வு மாறும். டியோர் டிரெய்லியரில் உள்ள கிளட்ச் என்னும் இறுக்கி செயினை இறுக்கமாக வைத்திருப்பதால், கற்களின் மேல் குதிக்கும்போது அது சட்டகத்தில் அடிப்பதும் கழன்று விழுவதும் பெரிதும் குறைகின்றன. முன் டிரெய்லியர் இல்லாததால் சேறு அடைக்கும் இடமும் ஒன்று குறைவு. ஆனால் நாள் முழுதும் 45, 51 பல்சக்கரங்களிலேயே ஏறுபவருக்குச் செயின் கோணலாகவே ஓடும், தேய்மானம் கூடும். அலிவியோவில் 22 பல் உள்சக்கரம் அந்தக் கோணலைத் தவிர்க்கிறது.

புதிதாகச் சைக்கிள் வாங்குபவர், 2023இல் அறிமுகமான ஷிமானோவின் க்யூஸ் வரிசையையும் பார்க்க வேண்டும். அதன் லிங்க்கிளைட் பல்சக்கரங்கள் தடித்த பற்களைக் கொண்டவை. பழைய வகையைப் போல மூன்று மடங்கு நாள் உழைக்கும் என்பது ஷிமானோவின் கூற்று. 9, 10, 11 வேகங்களுக்கு ஷிஃப்டர் இழுப்பு பொதுவானது என்பது நல்ல மாற்றம். எனினும் பழைய ஷிஃப்டரோடு அது சேராது. தொலைதூரக் கடைகளில் உதிரிகள் பரவும் வரை நான் அதை நகரத்தை ஒட்டிய பயணங்களுக்கே பரிந்துரைப்பேன்.

பின்சக்கர மையத்துக்குள்ளேயே கியர்களை அடக்கிய, 526 சதவீத வீச்சுள்ள (மிக உயர்ந்த கியர் மிகத் தாழ்ந்ததைப் போல 5.26 மடங்கு) ரோலாஃப் 14 வேக ஹப், டிரெய்லியரின் தொல்லையையே நீக்கிவிடுகிறது என்றாலும் அதன் விலை பலருக்கு எட்டாதது. டிரெய்லியரே போதும் என்பவர், எந்த வகையை வாங்கினாலும், தன் சட்டகத்துக்கே உரிய ஹேங்கர் இரண்டையும், செயின் இணைப்பு ஒன்றையும், கியர் கேபிளையும் கிளம்பும் முன்பே பையில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஹேங்கரின் வடிவம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், வழியில் அது கிடைப்பது அரிது.