பத்துதுமோங்காவில் மூன்று ராத்திரி

போகலாமா வேண்டாமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பீர்கள், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். ஆனால் கீழே ராந்தெபாவ் டவுனில் ரூம் எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் ஏறி இறங்காதீர்கள், மலையிலேயே தங்குங்கள். இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசி மாகாணத்தில், வடக்கு தொராஜா மாவட்டத்தில், செசெயான் மலைச்சரிவில் இருக்கிற சின்ன கிராமம் பத்துதுமோங்கா. அங்கே ஒரு குடும்பம் நடத்துகிற தங்குமிடத்தில் நானும் என் தாய்மாமாவும் மூன்று ராத்திரி இருந்தோம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

மாமா வேலூர் பக்கத்தில் பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ரொம்ப வருஷமாக மாட்டுத் தரகு செய்கிறவர். சாவுக்கு எருமை வெட்டுகிற ஊர், ஒரு எருமை கார் விலை போகும் என்று போனில் ஒரு வீடியோ காட்டினேன். "அந்த மாட்ட நேர்ல பாக்கணும்டா" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டோம்.

சென்னையிலிருந்து விமானம் மாறி மாறி மக்காசர், அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி பஸ். 2021-ல் தொராஜாவிலேயே விமான நிலையம் திறந்துவிட்டார்கள், எங்கள் தேதிக்கு அமையவில்லை. பஸ்ஸில் குறை ஒன்றும் இல்லை, நன்றாகவே தூங்கினோம். குறை எல்லாம் எங்களுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட் மேல்தான். வீட்டு வாசல்வரை வண்டி என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு ராந்தெபாவிலேயே இறக்கிவிட்டார், மேலே ஏற நாங்கள் தனியாக ஒரு வண்டி பிடித்தோம். யாரிடம் புக் செய்தாலும் "மலை மேலே வரைக்கும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கின வீடு பழைய தொங்கோனான், அதாவது தொராஜாக்காரர்களின் பாரம்பரிய வீடு. இரண்டு முனையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கிற கூரை, படகு மாதிரி என்று பலர் சொல்வார்கள், மாமாவுக்கு அது எருமைக் கொம்பாகத்தான் தெரிந்தது. தொங்கோனான் எல்லாம் வடக்குப் பார்த்து வரிசையாக நிற்கும், அதற்கு எதிரே நெற்களஞ்சியங்கள் தெற்குப் பார்த்து நிற்கும். களஞ்சியத்துக்கு ஆலாங் என்று பேர். அதன் தூண்கள் உருண்டையாக, வழவழவென்று இருக்கின்றன, எலி ஏறினால் வழுக்கி விழும். நெல்லுக்கு அடியில் ஒரு மேடை. வருகிறவர்களை உட்கார வைப்பது அங்கேதான், நம் வீட்டுத் திண்ணை மாதிரி. நாங்கள் முக்கால்வாசி நேரம் அதில்தான் கிடந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வயல், வயலுக்கு நடுவே யானை படுத்திருக்கிற மாதிரி பாறைகள், விடியற்காலையில் அதன் மேல் பஞ்சு பரப்பினது போல மேகம். இந்த மேகத்தைப் பார்க்கத்தான் லோலாய் என்கிற ஊருக்குக் கூட்டம் போகிறது, இங்கே அதே காட்சி சத்தமில்லாமல் கிடைக்கிறது.

அரை மார்க் எங்கே போனது என்றால், குளிர். ஜவ்வாது மலை மார்கழிக் குளிர் தெரிந்தவன் என்ற தைரியத்தில் போனேன், ராத்திரி இரண்டு மணிக்கு எலும்பில் இறங்கியது. ஆளுக்கு ஒரு போர்வைதான், மெத்தையும் மெலிசு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, வெந்நீர் கேட்டால் பக்கெட்டில் வரும். வயசானவர்களோடு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு அருமை. மூங்கில் குழாயில் கோழியும் தேங்காய்த் துருவலும் கீரையும் அடைத்து நெருப்பில் வாட்டுகிறார்கள், பாபியோங் என்று பேர், புகை வாசத்தோடு சோற்றில் போட்டுப் பிசைந்தால் தட்டு காலி. பன்றிக்கறிதான் அங்கே முதல் கறி, வேண்டாதவர்கள் போனவுடனே சொல்லிவிட வேண்டும். கதொக்கோன் என்று குட்டிக் குடமிளகாய் போல உருண்டையாக ஒரு மிளகாய் உண்டு, அதைக் கிள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள், முழுசாகக் கடிக்காதீர்கள். காபி அவர்கள் வீட்டு முற்றத்திலேயே காய்ந்த அரபிகா, மண்டியோடு கண்ணாடி டம்ளரில் வரும். அதற்குத் தொட்டுக்கொள்ள தெப்பா தோரி: அரிசி மாவும் வெல்லப்பாகும் பிசைந்து, எள் தூவி, எண்ணெயில் பொரித்தது. ஒரு கடி கடித்துவிட்டு மாமா நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம அதிரசம்டா" என்றார். வெல்லம் மட்டும் பனை வகை மரத்தில் இறக்கினது, வடிவம் சாய்சதுரம்.

ராந்தெபாவ் பக்கத்தில் போலு சந்தைக்கு ஒரு நாள் ஒதுக்கியே ஆக வேண்டும். எருமைகளைக் குழந்தை மாதிரி வளர்க்கிறார்கள், பையன்கள் குளிப்பாட்டித் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கறுப்பும் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கிற தெதோங் போங்காதான் ராஜா, அதற்குத்தான் அந்தக் கார் விலை. மாமா ஒரு மாட்டைச் சுற்றிவந்து கொம்பைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், குனிந்து தோளில் சுழியைத் தடவினார். மாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து இன்னொரு சுழியில் கொண்டுபோய் வைத்தார். அவர்களும் சுழி பார்க்கிறார்கள்! மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கை மேல் போட்டு நீட்டினார், விரல் பிடித்து விலை பேசுவதற்கு. அது மட்டும் மாட்டுக்காரருக்குப் புரியவில்லை. வழிகாட்டிப் பையன் சொல்லிக் கொடுத்ததும், வாங்குகிற எண்ணமே இல்லாத இரண்டு பேரும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார்கள்.

சாவுச் சடங்குக்கு ராம்பு சோலோ என்று பேர், ஜூலை ஆகஸ்ட்டில் அதிகம் நடக்கும். வெளியாட்களைத் தடுப்பதில்லை, ஆனால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள், துக்கத்துக்குப் போகிற மாதிரிப் போங்கள். கறுப்புச் சட்டை, கையில் சர்க்கரையோ சிகரெட் பெட்டியோ. உறவுக்காரர்கள் எருமையும், மூங்கிலில் கட்டின பன்றியுமாகக் கொண்டுவருகிறார்கள், யார் என்ன கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதப்படுகிறது, அவர்கள் வீட்டுச் சாவில் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அசல் மொய் நோட்டு. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தான், ஜெபமும் உண்டு. எருமை ஆவியைச் சுமந்து போகும் என்ற பழைய நம்பிக்கையும் கூடவே நிற்கிறது. ஆண்கள் சுண்டுவிரல் கோத்து வட்டமாக நின்று மெதுவாகப் பாடுகிறார்கள், அடிவயிற்றில் கேட்கும் அந்தச் சத்தம். சாவுக்குக் கூத்து வைக்கிற, மயானக் கொள்ளைக்குப் பாலாற்றில் கூடுகிற நமக்கு இது அந்நியமாகவே படாது. எருமையை நிற்கவைத்து வெட்டுவதை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். மாமாவும் வந்துவிட்டார், ரொம்ப நேரம் பேசவில்லை.

போரி என்கிற ஊரில் இருக்கிற நடுகற்களையும் விடாதீர்கள். நிறைய எருமை வெட்டிச் செய்த பெரிய சாவுகளுக்கு நட்ட கற்கள், சிலது இரண்டு ஆள் உயரம். செங்கம் பக்கத்தில் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

நாங்கள் தங்கின வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இறந்து எட்டு மாசம். பெட்டியில் வைத்து உள்ளறையில்தான் இருக்கிறார். சடங்கு முடிகிறவரை அவர் இறந்தவர் இல்லை, உடம்பு சரியில்லாதவர், அந்த மொழியில் தோ மகுலா. காபி வைக்கிறார்கள், சாப்பாடு வைக்கிறார்கள், பேசுகிறார்கள். கடைசி நாள் காலையில் பாட்டியிடம் சொல்லிக்கொண்டு போகச் சொன்னார் மகள். நம் பக்கம் சாவு வீட்டில் யாரும் "வரேன்" என்று சொல்வதில்லை, அதனால் நான் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் திரும்பினேன். மாமா வாசற்படியில் நின்றுவிட்டார். செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனார், பெட்டி ஓரமாகக் குனிந்து, "உடம்ப பாத்துக்கோமா, போய்ட்டு வரேன்" என்றார்.