காம்பவுண்ட் வில்லோடு நான்கு ஆண்டுகள்

வீட்டில் வில் இருப்பது தெரிந்தவுடன் நாமக்கல்லிலிருந்து வரும் உறவினர்கள் அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்வி: "இதில் மான் அடிக்கலாமா?" தாராளமாக அடிக்கலாம், மறுநாள் வனத்துறை ஜீப்பில் ஏறிப் போகலாம் என்பேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நாட்டில் மான் வேட்டை என்பது குற்றம். பெங்களூருவில் நான் வைத்திருப்பது பலகையில் ஒட்டிய காகித இலக்கை எய்வதற்கான வில். ஆனால் கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தவனிடம் அப்படிக் கேட்பதில் தவறும் இல்லை. வல்வில் ஓரி விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று பாடப்பட்ட மலை அது. அந்த அம்பின் ஸ்பைன் எண், அதாவது அது எவ்வளவு வளையும் என்ற அளவு, என்ன என்று மட்டும் புலவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

2021 நவம்பரில், ஊரைவிட்டுக் கிளம்பும் ஒருவரிடம் ஜீவன்பீமா நகரில் பழைய வில்லாக வாங்கினேன். பன்னிரண்டு அம்புகளும் ஒரு பெட்டியும் சேர்த்து 62,000 ரூபாய். எந்த நிறுவனத்தின் வில் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு விலைக்கும் மாடலுக்கும் போய்விடும். நான் எழுதுவது எந்த நடுத்தர காம்பவுண்ட் வில்லுக்கும் பொருந்தும்.

இந்த வகை வில்லைப் பார்க்காதவர்களுக்கு: இரு முனைகளிலும் கேம் என்று சொல்லப்படும் கோணல் சக்கரங்கள் இருக்கும். மிசோரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இழுக்கத் தொடங்கும்போது பாரம் ஏறும். சக்கரம் திரும்பி முடியும் இடத்தில் சட்டென்று இறங்கிவிடும். என் வில்லில் உச்சத்தில் 52 பவுண்டு, முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 13 பவுண்டுதான். அதனால் நிதானமாகக் குறிபார்க்கலாம். இந்த வசதிக்கான விலையும் அங்கேயே இருக்கிறது: சக்கரம், நாண், இரண்டு கேபிள், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், நாணில் செருகிய பீப் என்னும் சிறு வளையம், குறிபார்க்க லென்ஸ் வைத்த சைட் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கெட்டுப்போகக் கூடியவை.

முதல் ஆண்டு முழுக்க நான் அல்லாடியது அம்போடுதான். வில்லுடன் வந்த அம்புகளில் 340 என்று எண் அச்சிட்டிருந்தது. எண் பெரிதாக இருந்தால் அம்பு உறுதியாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். உண்மை நேர்மாறு. 28 அங்குல இடைவெளியில் அம்பைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதுதான் அந்த எண். 340 என்றால் கம்பி போல விறைப்பு. அது என்னைவிட வலுவான ஆள் இழுக்கும் வில்லுக்கானது. என் பாரத்துக்கும் நீளத்துக்கும் 500 பொருந்தும். அம்பை மாற்றிய அன்று 30 மீட்டரில் ஆறு அம்புகள் ஒரு சாண் அகலத்துக்குள் விழுந்தன. அதுவரை முறத்தளவுக்குச் சிதறிக் கிடந்தன. புதிதாக வாங்குபவர்கள் வில்லுக்குச் செலவிடும் யோசனையில் பாதியை அம்புக்குச் செலவிடுங்கள் என்பேன்.

அடுத்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றதில் முக்கால்வாசி அந்த ஒரு காலையில் கற்றது.

வில் சரியாக இசைந்திருக்கிறதா என்று பார்க்கக் காகிதச் சோதனை ஒன்று உண்டு. ஒரு சட்டத்தில் செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, ஏறக்குறைய ஆறடி தள்ளி நின்று அதன் ஊடாக எய்ய வேண்டும். அம்பு நேராகப் போனால் நடுவில் ஒரு துளையும் அதைச் சுற்றி இறகுகளின் மூன்று கீறலும் மட்டும் இருக்கும். வால் ஆடிக்கொண்டு போனால் துளை ஓரிடம், கீறல் ஓரிடமாகக் கிழியும். எனக்கு முக்கால் அங்குலம் இடப்பக்கம் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரின் வரன் பகுதியில் "சுத்த ஜாதகம்" என்பதில் தொடங்கி அடுத்த பத்தியின் மணமகள் வரை போனது கிழிசல். ரெஸ்ட்டை நூலிழை நகர்த்தினேன், கிழிசல் குறைந்தது. மறுநாள் மறுபடி வந்தது. மறுபடி நகர்த்தினேன். இப்படி மூன்று மாதம். எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நுண்ணளவுக் காலிப்பர், மூலமட்டம், அங்குல அளவு ஆலன் சாவிகள் எல்லாம் வாங்கிவந்தேன். குறிப்பேட்டில் பதினேழு பக்கம் அளவுகள் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.

கனகபுரா சாலைக்கு அப்பால் நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்துக்கு அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துத் தமிழ். கேம் வைத்த வில்லைத் தொடவே மாட்டார், "அது வில் இல்லை, சைக்கிள்" என்பார். அன்று என் கிழிந்த பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வில்லைப் பிடித்துக் காட்டு" என்றார். பிடித்தேன்.

"இது என்ன, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல?"

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, என் இடது உள்ளங்கையில் ஆயுள் ரேகை மேலேயே அழுத்திக் கோடு போட்டார். "கட்டை விரல் பக்கம் இருக்கும் இந்தச் சதைமேடு மட்டும்தான் வில்லைத் தாங்க வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டி வில் அந்தப் பக்கம் வந்தால் நீ அதைத் திருகுகிறாய் என்று அர்த்தம். மற்ற நான்கு விரலும் சும்மா தொங்கட்டும்."

"வில் கீழே விழுந்துவிடாதா, ஐயா?"

"அதற்குத்தான் மணிக்கட்டு வார் கட்டியிருக்கிறாயே. அது எதற்கு, அலங்காரமா?"

விரல்களைத் தளர்த்தி எய்தேன். ஒரு துளை, மூன்று கீறல். மூன்று மாதம் நான் ரெஸ்ட்டை நகர்த்தியதெல்லாம் என் கை திருகிய திருகலுக்கு ஈடுகட்டத்தான். அந்தத் திருகல் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவாக இருந்ததால்தான் மறுநாள் கிழிசல் திரும்ப வந்தது. ரெஸ்ட்டைத் தொடக்க அளவுக்கே கொண்டுபோய் வைத்தேன். அதன்பின் இன்றுவரை ஆலன் சாவியை எடுக்கும் முன் பத்து அம்பு எய்து, என் கையில் சந்தேகம் இல்லை என்று தெரிந்த பிறகே திருகாணியைத் தொடுகிறேன். சிவப்புக் கோடு இரண்டு நாள் அழியவில்லை. அலுவலகக் கூட்டத்தில் என்ன அது என்று கேட்டார்கள். ஜோசியம் என்று சொல்லிவைத்தேன்.

எல்லாப் பழியும் என் மேல்தான் என்று இல்லை. 2024 ஏப்ரலில் வில்லை அலுவலக வாசலில் வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் ஒரு வாரம் வைத்திருந்தேன். அதன்பிறகு அம்புகள் மேலும் கீழுமாக விழுந்தன. பீப் வளையம் இழுத்தவுடன் கண்ணுக்கு நேரே நிற்காமல் கால்வாசி திரும்பி நின்றது. சூட்டில் நாணும் கேபிளும் தளர்ந்துவிட்டன. கேபிள் நீண்டால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் முழுச்சுற்றை முடிக்காது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு மரப்பலகையில் கையால் சுற்றும் சின்ன வின்ச்சைப் பொருத்தி, வில்லை மெல்ல இழுத்துப் பார்த்தேன். மேல் சக்கரத்தின் நிறுத்தம் கேபிளைத் தொட்டபோது கீழ்ச் சக்கரத்துக்கு இன்னும் மூன்று மில்லிமீட்டர் பாக்கி இருந்தது. வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸில் ஏற்றி, ஒரு கேபிளுக்கு அரைச் சுற்று முறுக்கு, பிறகு இன்னொரு அரைச் சுற்று, சேர்ந்துவிட்டன. பிரஸ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கவே கூடாது, லிம்ப் என்னும் வில்லின் வளையும் கை முகத்தில் அடிக்கும். கார் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பால் பாக்கெட்டை எங்கே வைக்க மாட்டீர்களோ அங்கே வில்லையும் வைக்காதீர்கள்.

நாண் செட் இரண்டு முறை மாற்றியாயிற்று. பத்து நாளுக்கு ஒரு முறை மெழுகு தேய்க்கிறேன். நாணில் பஞ்சுபோல் பிசிறு கிளம்பினால் தாமதித்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஒரு விபத்தும் உண்டு. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், "சும்மா இழுத்துப் பார்க்கிறேன்" என்று அம்பில்லாமல் இழுத்து விட்டுவிட்டார். துப்பாக்கி போலச் சத்தம். அம்புக்குப் போகவேண்டிய வேகம் முழுதும் வில்லுக்கே திரும்பும். நாண் சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது. லிம்ப்பில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சை எடுத்து மேலும் கீழும் தடவினேன். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே பிளவு. சிக்கவில்லை. நண்பருக்கு இப்போது காபி மட்டும்தான்.

போன அக்டோபரில் மிச்சிகனில் மைத்துனர் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். அங்கே அக்டோபர் 1 அன்று வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. உரிமம் எடுத்தவர்கள் வெள்ளைவால் மானை எய்யலாம். அவரிடம் இருப்பது கையடக்கமான குறுக்குவில். நாணேற்றியபின் அகலம் ஒரு சாணுக்கும் குறைவு. "மச்சான், உங்கள் வில்லுக்கு நான்கு ஆண்டு, இதற்கு நான்கு மணி நேரம்" என்று கேலி செய்தார். ஒரு விதத்தில் சரிதான். அதில் கையின் திருகல் இல்லை. தோளில் அண்டக் கொடுத்து, தொலைநோக்கியில் பார்த்து, விசையை அழுத்தினால் போதும். ஆனால் அவர் எதில் கவனமாக இருந்தார் என்று பார்த்தேன். நாணின் நடுப்பகுதியில், அம்பு ஓடும் தண்டவாளத்தின் இரு பக்கமும் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டிருந்தார். இரண்டு கொக்கிகள் வைத்த கயிற்றால் நாணேற்றியதும் அந்தக் கோடுகள் இரு பக்கமும் சமமாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். ஒரு பக்கம் இம்மியளவு கூடினாலும் அம்பு பக்கவாட்டில் ஓடிவிடும். பயிற்சி முனையில் 20 கஜத்துக்குச் சரிபார்த்துவிட்டு, வேட்டைக்கான அலகுமுனையை மாட்டி மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தார். அலகு காற்றைப் பிடிப்பதால் விழும் இடம் மாறும். ஒவ்வோர் அம்புக்கும் வெவ்வேறு புள்ளி. ஒரே புள்ளியில் எய்தால் முதல் அம்பின் வாலை இரண்டாவது அம்பு பிளக்கும், இரண்டும் குப்பைக்கு.

வில் அப்படித் துல்லியமாக இருந்தும் 30 கஜத்துக்கு மேல் அவர் மானை எய்வதில்லை. 40 கஜத்தில் நாணின் ஒலி மானை அடைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், அம்புக்கு அதைப்போல் மூன்று மடங்கு. அந்த இடைவெளியில் மான் கால்களை மடக்கித் தாவத் தாழும். சிற்றுண்டித் தட்டு அளவே உள்ள இதயப் பகுதியைத் தாண்டி அம்பு முதுகில் ஏறும். ஒரு விடியலில் மறைப்புக் கூடாரத்தில் அவருடன் உட்கார்ந்திருந்தேன். 25 கஜத்தில் ஒரு பெட்டை மான் வந்து நின்றது. அதன் விலாவுக்குக் குறுக்கே சுண்டுவிரல் தடிமனில் ஒரு கிளை. அவர் விசையில் விரலையே வைக்கவில்லை. மான் போனபின் அம்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாணேற்றிய வில்லை வெறுமனே விடுவிக்கக் கூடாது என்பதால் அதை மெல்லத் தூக்கிவந்து, கொல்லைப்புறப் பலகையில் ஒரு பழைய அம்பை எய்து முடித்தார். எனக்கு அந்தக் காலை பிடித்திருந்தது. குறுக்குவில் வாங்கும் ஆசை வரவில்லை.

இங்கே என் இலக்கு 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் காகிதம்; பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர். 72 அம்புகளுக்கு 720. தொடக்கத்தில் 590 எடுத்தவன் இப்போது 670-ஐ ஒட்டி நிற்கிறேன். ஜூன், ஜூலை மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் 650 வந்தாலே திருப்தி. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்த பிறகு ஞாயிறு காலையில் மைதானத்தில் இடம் கிடைப்பதில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்ந்திருப்பதால் கூட்டம் இனியும் ஏறும். ஆறு மணிக்கே போய்விடுகிறேன்.

வாங்கியதில் வீணானவை: வில் ஆடாமல் நிற்கப் பூட்டும் தண்டான ஸ்டெபிலைசரில் விலையுயர்ந்த இரண்டாவது ஒன்று, மேடு பள்ளத்தில் எய்பவர்களுக்கு மட்டும் தேவைப்படும் சைட் மூன்றாம் அச்சுக் கருவி, அப்புறம் அந்தக் காலிப்பர். காலிப்பரை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறாள். 340 அம்புகளில் பத்து இன்னும் அலமாரி மேல் இருக்கின்றன, இறகு கூடக் கசங்கவில்லை. 65, 70 பவுண்டு இழுக்கும் ஆள் யாராவது மைதானத்துக்கு வந்தால் சும்மாவே கொடுத்துவிடுவேன்.